பொம்மைக் கிழவனுக்குக் கால் முளைத்தது

அந்தக் கிழவனுக்குக் கால் இல்லை என்பதை எங்கள் தெருவில் யாரும் கவனித்ததில்லை. அவனுக்கு முன்னால் எப்போதும் ஒரு கல் மதில் இருந்தது. இடுப்பளவு மதில். அதற்கு மேலே தொப்பி, வெள்ளை மீசை, பச்சைக் கோட்டு. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் இருப்பவர் என்ன செருப்புப் போட்டிருக்கிறார் என்று கேட்பது மாதிரி. நாகரிகமான மனிதர்கள் கேட்க மாட்டார்கள்.

கிழவன் ஒரு பொம்மை. ஏதோ ஒரு குளிர் தேசத்து டெலிவிஷனில் குழந்தைகளுக்காகச் செய்த பொம்மை நாடகத்தில் அவன் விவசாயி. மதிலுக்குப் பின்னாலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவான், ஆடுகளைத் திட்டுவான், மழையைத் திட்டுவான், கடைசியில் ஏதாவது ஒரு கோழியிடம் தோற்றுப்போவான். பத்து நிமிஷம். முடிந்தது.

தேசம் கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திருவிடைமருதூர் பக்கத்தில் எங்கள் தெருவுக்கு அந்தக் கதவு துபாய் வழியாகத் திறந்தது. எதிர்வீட்டு பாய் அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். ஒரு லீவுக்கு வந்தபோது வீடியோ டெக் ஒன்றும் அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளும் கொண்டுவந்தார். புதுப்படம் என்று நம்பித் தெரு முழுக்கக் கூடியது. திரையில் வந்தவன் கிழவன். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரட்டும் என்று பாய் மொத்தமாக அள்ளி வந்திருந்தார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. ஆனால் தெருவே கிழவன் மாதிரி ஆடுகளைத் திட்டக் கற்றுக்கொண்டது.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்பில் வந்த கனமான நாவல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிகிற பருவம். பொம்மை நாடகம் பார்ப்பது என் அந்தஸ்துக்கு ஒத்துவராது. எனவே பாய் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

பிறகு கேபிள் வந்தது. கிழவன் தினமும் சாயங்காலம் வந்தான். அக்காள் மகள் அவனைப் பார்த்தபடிதான் வாயைத் திறப்பாள், சோறு உள்ளே போகும். கோழி ஜெயிக்கிறபோது மோர்சாதம். இப்படி வளர்ந்த பெண் என்ன ஆவாள்? பி.இ. முடித்தாள், அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலைக்குச் சென்னைக்குப் போனாள். கம்ப்யூட்டரில் பொம்மை அசைக்கிற வேலை. அவளுடைய அப்பா, என் மச்சான், உரக்கடை வைத்திருப்பவர். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு யூரியா மூட்டையைப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் அவளிடமிருந்து போன்.

"மாமா, நம்ம கிழவன் திரும்ப வர்றான்."

"எங்க போயிருந்தான்?"

"வெளையாடாதீங்க. கம்ப்யூட்டர்ல புதுசாப் பண்றாங்க. எங்க கம்பெனிக்கு வேலை வந்திருக்கு."

விவரம் இதுதான். பழைய பொம்மை நாடகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் புதுப்பிக்கிற காலமாம். கிழவனின் தொப்பியும் மீசையும் ஒரு தேசத்தில் தயாராகிறதாம், புல்வெளி இன்னொரு தேசத்திலாம். அவன் அசைவு மட்டும் கோடம்பாக்கத்தில் ஒரு மாடியில். குறுவை அறுவடைக்கு மிஷின் ஓர் ஊரிலிருந்தும் டிரைவர் ஓர் ஊரிலிருந்தும் வருகிற மாதிரி என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன்.

சிக்கல் எங்கே என்றால், புதுக் கதையில் கிழவன் மதிலைத் தாண்டி வெளியே வருகிறான். வந்தால் கால் வேண்டும். கால் வரைவதற்கு ஆள் இருக்கிறது. கால் இருந்தால் நடக்க வேண்டும். அவன் எப்படி நடப்பான்? உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவள் ஆபீசில் மூன்று பேர் ஆளுக்கொரு நடை செய்து அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருக்கும் டைரக்டர் அம்மாள் மூன்றையும் ரொம்ப மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் இது அவர் இல்லை என்றாராம்.

நாலாவது ஆள் அக்காள் மகள், அதாவது என் மருமகள். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த நடை தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் அந்த வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும், அவள் வீட்டுக்கு வந்துவிடலாம். இதை அவள் அப்பாவிடம் கோபத்தில், "தேறலன்னா வந்து உங்க கடையிலயே உக்காந்துடறேன், போதுமா" என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள். மச்சானுக்கு முதல் பாதி காதில் விழவில்லை. அடுத்த வாரமே கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு முன்னால் மெத்தை வைத்த சுழல் நாற்காலி. அதில் யாரையும் உட்கார விடவில்லை. நான் ஒருமுறை உட்காரப் போனபோது, "அது பாப்பாவுக்கு மாப்ள" என்றார்.

தை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவள் லீவு போட்டு ஊருக்கு வந்தாள். பழைய கேசட்டுப் படங்களை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினாள்.

"தோளைப் பாருங்க மாமா. இடது பக்கம் லேசா எறங்கி எறங்கி ஏறுது. இடது கை இடுப்ப விட்டு நகரவே நகராது. ஏன் சொல்லுங்க?"

"சுபாவம்."

"தைச்சிருக்காங்க. பொம்மைக்குள்ள இருந்தவரோட ஒரு கை தலைக்கு, இன்னொரு கை பொம்மையோட வலது கைக்கு. இடது கைக்கு ஆள் இல்ல. கோட்டோட சேத்துத் தைச்சுட்டாங்க. எங்க ஆபீஸ்ல மூணு பேரும் அந்தக் கையப் பிரிச்சு வீசி நடக்க விட்டுட்டாங்க. அதான் அவன் அவனா இல்ல."

எலும்புத் துண்டை வைத்துக்கொண்டு முழு மிருகத்தையும் கட்டி எழுப்புகிற விஞ்ஞானிகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். என் மருமகள் ஒரு தோளை வைத்துக்கொண்டு இரண்டு கால்களைத் தேடி வந்திருந்தாள்.

"இந்தத் தோளை நான் எங்கியோ பாத்திருக்கேன். நம்ம ஊர்லதான். எல்லாரும் கொஞ்சம் நடந்து காட்டுங்க."

இந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கேமராவைக் காட்டினால் நடக்க வராது. கல்யாண வீடியோ எங்களை அப்படிப் பழக்கிவிட்டது. கேமரா வந்தால் நின்று, அதையே பார்த்து, கும்பிட வேண்டும். மச்சான் சலவை வேட்டி சட்டை, மேலே ஒரு சால்வை சகிதம் களத்துமேட்டுக்கு வந்தார். நாலு அடி வைத்தார், நின்றார், லென்ஸைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

"அப்பா, ஓட்டுக் கேக்க வரலப்பா நீங்க. சும்மா நடங்க."

"சும்மா எப்படி நடக்கறது? எங்கியாவது போனாத்தானே நடக்க முடியும்?"

தத்துவார்த்தமாக இது பலமான வாதம்.

அடுத்து எதிர்வீட்டு பாய். துபாயிலிருந்து ஓய்வுபெற்று வந்துவிட்டவர். கிழவனைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் என்ற முறையில் தனக்கு முன்னுரிமை என்று நினைத்தார். "கெழவன் நடைய என்னை மாதிரி படிச்சவன் யாரும்மா இருக்கா? ஒரே கேசட்ட எத்தனை தடவை ரீவைண்ட் பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நடந்தவர் வண்டிப்பாதை ஓரம் வந்ததும் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கொக்கும் ஒரு டிராக்டரும்தான். டிராக்டர் நின்றிருந்தது. பாய் அசையவில்லை.

"ஏன் மாமு நிக்கிறீங்க?" என்றாள் மருமகள். சின்ன வயசிலிருந்து அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பழகிப்போச்சும்மா. அங்க சிக்னல் இல்லாம தாண்டுனா ஃபைன் போட்டுருவான்."

என்னையும் கேட்டாள். மறுத்துவிட்டேன். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன், நாலு பத்திரிகையில் எழுதுகிறவன், என் நடையில் ஒரு சிந்தனை கலந்திருக்கும், அது ஆடு மேய்க்கிற கிழவனுக்குப் பொருந்தாது என்று விளக்கினேன். அக்காள் மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். "சிந்தனை என்னடா சிந்தனை, தம்பி? சின்னதுலேர்ந்து எதுக்கோ பயந்த மாதிரியேதானே நடப்பே" என்றாள்.

அந்தச் சமயத்தில் மச்சான், "மாப்ள, மிஷின்காரனைச் சாப்பிடக் கூப்பிட்டுட்டு வாயேன்" என்றார். அறுவடை மிஷின் நாலு வயல் தள்ளி நின்றது. போவதற்கு வரப்பு ஒன்றுதான் வழி. ஒரு பக்கம் அறுத்த நெல்தாள், இன்னொரு பக்கம் வாய்க்கால், அதில் தண்ணீர் வடிந்து முழங்கால் சேறு. கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகிற எனக்கு வரப்பு என்பது சர்க்கஸ் கம்பி. செருப்பைக் கழற்றி வலது கையில் பிடித்துக்கொண்டேன். இடது கையால் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தேன். போனேன்.

பாதி தூரத்தில் எதிரே வாத்துகள் வந்தன.

அறுத்த வயலில் சிந்திய நெல்லை மேய வாத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டிவருவது எங்கள் பக்கம் வழக்கம். வழக்கத்தில் இல்லாதது, அவை வரப்பின் மேல் ஒற்றை வரிசையில் வருவது. முதல் வாத்து என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். யாராவது ஒருவர் இறங்கியாக வேண்டும். பின்னால் அதற்கு நூற்றுக்கணக்கில் ஆதரவு இருந்தது. எனக்குப் பின்னால் அக்காள் குடும்பம் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தது. நான் பின்வாங்கினேன். ஆனால் திரும்பி ஓடவில்லை, இதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏதோ ஞாபகம் வந்து திரும்புகிறவனைப் போல, கௌரவமாக, ஆனால் கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்பி நடந்தேன். நுனி நாலடிக்கு ஒருமுறை நழுவியது. நழுவ நழுவ எடுத்துப் பிடித்துக்கொண்டேன். வாத்துகள் பின்னாலேயே வந்தன.

களத்துமேட்டில் ஏறியபோது மருமகள் போனை நீட்டிப் பிடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முடித்துவிட்டு, திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"தோள்! மாமா, அந்தத் தோள்! நீங்கதான்!"

ஒரு கல்வியாளனை ஆடு மேய்க்கிற பொம்மையாக அடையாளம் கண்டதற்கு நான் வருத்தப்பட்டேன். அவள் அடுத்த பஸ்ஸில் கும்பகோணம் போய் ரயில் ஏறிவிட்டாள்.

பத்து நாள் கழித்து எனக்கு அனுப்பினாள். உரக்கடையில், மச்சானுக்கும் பாய்க்கும் நடுவில் நின்று பார்த்தேன். பச்சைப் புல்வெளி, மேகம், மலை. கிழவன் மதிலைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். காக்கிக் கால்சட்டை, தோல் பூட்ஸ். நடந்தான். என் பின்பக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் தேசத்து மலைச்சரிவில், தொப்பி போட்டுக்கொண்டு, வாத்துக்குப் பயந்து நான் போய்க்கொண்டிருந்தேன்.

"அச்சு அசல்" என்றார் பாய். குரலில் கொஞ்சம் பொறாமை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மச்சான். அவருக்கு அது நல்ல செய்தி இல்லை. கண் சுழல் நாற்காலி பக்கம் போய்வந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை மருமகளின் போன் வேறு மாதிரி இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். வீடியோ காலில் டைரக்டர் அம்மாள் பார்த்திருக்கிறார். முதல் தடவை எழுந்து நின்றுவிட்டாராம், "இது அவர்தான்!" என்று. இரண்டாம் தடவை ஓட்டச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்டார்:

"நாலடிக்கு ஒருமுறை அவர் எதை எடுக்கிறார்?"

மாடியில் இருந்த ஒருத்தருக்கும் புரியவில்லை. எதை எடுக்கிறார்? ஒன்றும் எடுக்கவில்லையே, நடக்கிறார். மறுபடி ஓட்டினார்கள். அப்போதுதான் தெரிந்தது. கால்சட்டை போட்ட கிழவன், தொடைக்குப் பக்கத்தில் இடது கையின் இரண்டு விரலால், இல்லாத வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு போகிறான். நாலடிக்கு ஒருமுறை அது நழுவுகிறது. எடுத்துப் பிடித்துக்கொள்கிறான். வீடியோவில் இருந்ததை வேட்டியை மட்டும் விட்டுவிட்டு அப்படியே செய்திருக்கிறாள் பெண். மன்னார்குடியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து அந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவர்களுடைய அப்பாக்கள் அப்படித்தான் நடக்கிறார்கள்.

"திங்கக்கிழமைக்குள்ள சரிபண்ணி அனுப்பணும் மாமா. கைய அப்படியே இடுப்புல ஒட்டிப் பாத்தேன், வயித்து வலிக்காரன் மாதிரி போறான். கையத் தொங்க விட்டேன், தோள் போயிடுச்சு. பழையபடி வேற யாரோ. நீங்க ஒண்ணு பண்ணுங்க. பேண்ட் போட்டுக்கிட்டு நடந்து அனுப்புங்க."

தினமும் கல்லூரிக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு போகிறவன் நான். இதிலென்ன கஷ்டம்? கடைவாசலில் மேற்கிலிருந்து கிழக்காக நடந்தேன். பாய் படம் பிடித்தார். கிழக்கே போய்த் திரும்பியபோது பாயும் மச்சானும் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கை பேண்டின் ஓரத்தைக் கிள்ளிப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமாக மாணவர்களுக்கு முன்னால் இப்படித்தான் நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. முதல் பெஞ்சில் ஒரு சிரிப்பு எப்போதும் இருக்கும். பாடத்தில் லயித்துச் சிரிக்கிறார்கள் என்று நம்பிவந்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னோம்.

"கையில ஒரு பை குடுத்துரும்மா" என்றார் பாய். "நான் அங்க இருந்தவரைக்கும் வெறுங்கையோட நடந்ததே இல்ல."

"பை குடுத்தா ஏன் அடிக்கடி எடுத்து எடுத்துப் பிடிக்கறான்னு கேப்பாங்க மாமு."

"அப்ப அந்தம்மாட்ட வேட்டின்னு சொல்லிப் புரிய வையி" என்றேன்.

"புரிய வச்சாலும், அவன் வேட்டி கட்டலியே மாமா!"

மச்சான் அதுவரை வாயே திறக்கவில்லை. ஒருத்தர் வந்து பொட்டாஷ் கேட்டார், "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். அப்படி அவர் யாரையும் அனுப்பி நான் பார்த்ததில்லை. நினைத்தது நடக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிருக்கிறார் என்று எண்ணினேன். மகள் திங்கட்கிழமை தோற்றால் செவ்வாய்க்கிழமை நாற்காலி நிரம்பிவிடும்.

"அந்தம்மா யாரு கேக்க?" என்றார் திடீரென்று.

"அப்பா, அவங்கதான் டைரக்டர்."

"இருந்துட்டுப் போவட்டும். ஒரு மனுசன் நடந்து போறான். கைய அங்க வைக்காம தலையிலயா வச்சுக்குவான்? நம்ம பொண்ணு ராத்தூக்கமில்லாம செஞ்சு அனுப்புனா, எதை எடுக்கறான்னு கேக்குறாங்களாம். எங்கப்பன் அப்படித்தான் நடந்தாரு. நான் அப்படித்தான் நடக்கறேன். என்ன கொறஞ்சுபோச்சு?"

"அப்பா, அதில்லப்பா..."

"இரு. அவன் விவசாயிதானே?"

"ஆமா."

"மழையத் திட்டிக்கிட்டே இருப்பானே, வெள்ளாமை சரியில்லைன்னு."

"ஆமா."

"வெள்ளாமை சரியில்லாதவன் என்னத்தத் தின்னுருப்பான்? இளைச்சிருப்பான். முன்னாடி தைச்ச கால்சட்டை இடுப்புல நிக்காது. எறங்குது, புடிச்சு ஏத்திவிட்டுக்கறான். இது ஒரு கேள்வியா? போய்ச் சொல்லு அந்தம்மாகிட்ட, கால்சட்டை லூசுன்னு."

போனுக்குள் யாரோ நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"கைய மேல ஏத்தி இடுப்புக்குக் கொண்டுபோயிரலாம்" என்று மருமகள் தனக்குள் பேசிக்கொண்டாள். "நாலடிக்கு ஒருக்கா கால்சட்டைய ஏத்திவிடுவான், தோள் அப்படியே நிக்கும். அப்பா... அப்பா, நான் அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். மச்சான் கல்லாவைத் திறந்து மூடினார். தன் வாயாலேயே தன் கணக்குப்பிள்ளையைத் தொலைத்துவிட்டோமோ என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "பொட்டாஷ் கேட்டாரே, எங்க போனாரு அந்தாளு?" என்றார் என்னிடம், நான்தான் விரட்டிவிட்ட மாதிரி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் கடையிலிருந்து எனக்கு நாலைந்து தடவை போன் செய்தார். பாப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஃபாரினில் பெல்ட் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்ப அந்தம்மா பெல்ட்டு போடச் சொல்லிட்டா?" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரி விட்டு நேராகக் கடைக்குப் போனேன். பாய் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குமேல் போன் அடித்தது. மச்சான் எடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அப்பா இருக்காங்களா?"

"இருக்காரு. பேசமாட்டேங்கறாரு."

"மாமா, ஓகே ஆயிடுச்சு! அந்தம்மா சிரிச்ச சிரிப்பு, மைக்கே கிர்ர்ருனு கத்துச்சு. கால்சட்டைய இன்னும் ரெண்டு சுத்து பெருசாக்கித் தரச் சொல்லி வேற டீமுக்கு மெயில் போட்டுட்டாங்க. பெல்ட் வேண்டவே வேண்டாமாம். கெழவன் இனிமே எல்லா எபிசோட்லயும் இப்படித்தான் நடப்பானாம். எங்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டு கன்ஃபர்ம் பண்ணிட்டாரு!"

பாய் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மச்சான் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேன்பா. அப்பா, நீங்க சொன்னதுதான்பா..."

"சரி சரி. லூசுன்னா லூசுதானே. அதுல என்ன இருக்கு" என்றார். பிறகு யூரியா மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "சம்பளம் ஏத்துவானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், "இங்க ஒரு பையனை வச்சுக்கலாம்னு இருக்கேன், பில்லு போட. ஒண்ணும் அவசரமில்ல, நீ இரு" என்றார்.

"அப்பா, இன்னொரு விஷயம். அடுத்த எபிசோட்ல கெழவன் ஓடுறான்."

"எதுக்கு?"

"கோழி தொரத்துது. எனக்கே குடுத்துருக்காங்க. அந்த நடைக்கு ஏத்த ஓட்டம் வேணுமாம். மாமாவ அடுத்த வாரம் ஓடச் சொல்லிப் படம் புடிச்சு அனுப்பறீங்களா?"

மச்சான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, சந்தையில் மாடு பிடிக்கிறவர் போல என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். முழங்காலில் கொஞ்ச நேரம் நின்றது பார்வை.

"ஓடுவியா மாப்ள?"

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, மொழிபெயர்ப்பு நாவல்களில் ஓடிப்போனவர்களை எல்லாம் நான் உட்கார்ந்துதான் தொடர்ந்திருக்கிறேன் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டு முடிக்கவில்லை. பொத்திய கையை எடுத்தார்.

"ஓடுவாராம்" என்றார் மகளிடம். "நீ வேலையப் பாரு."